டிசைடட் என்று தட்டாதே

என் தம்பி மகன் தஞ்சாவூரில் அரசு ஊழியன். அகவிலைப்படி உயர்வுக்கான அரசாணை வந்த அன்று அதை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, கடைசி வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். "(ஆளுநரின் ஆணைப்படி)". கீழே ஒரு கேள்வி: "அத்தை, சட்டசபை பாஸ் பண்ணின மசோதாவுக்கு இவர் கையெழுத்துப் போடலைன்னு வருஷக்கணக்கா சண்டை. எங்க டி.ஏ.வுக்கு மட்டும் உடனே ஆணை போட்டுட்டாரா? ஆட்டுக்குத் தாடின்னு சும்மாவா சொன்னாங்க?"

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் கேட்கும் இடம் பார்த்துக் கேட்டான். 1979 முதல் 2017 வரை டெல்லி நிர்வாகத்திலும், பிறகு அதுவே டெல்லி அரசு ஆனபோது அதிலும், ஸ்டெனோவாக உட்கார்ந்து கீபோர்டு தேய்த்தவள் நான். கும்பகோணத்து டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் உட்கார்ந்து கரோல் பாக்கில் அத்தை வீட்டில் வந்து இறங்கினேன். அப்போது டெல்லி ஆபீஸ்களில் ஸ்டெனோ என்றால் பாதிப் பேர் நம்மவர்கள்தான். ராஜ்ய சாஸ்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு ஃபைல் யார் மேசையிலிருந்து யார் மேசைக்குப் போகும், யார் கையெழுத்துக்கு அப்புறம் திரும்பி வராது என்பது தெரியும். ஆட்சி அமைப்பு என்பது அதுதானே.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் இருக்கும். சிவில் லைன்ஸ் பக்கம், பழைய செகரடேரியட்டுக்கு அருகே எங்கள் அலுவலகம். ஒரு கவரிங் லெட்டர் தட்டச் சொன்னார்கள். வழக்கமான கடிதம், டிக்டேஷன் தேவையில்லை. நானே வாக்கியம் அமைத்து, "எக்ஸிகியூட்டிவ் கவுன்சில் ஹாஸ் டிசைடட்" என்று தட்டினேன். ஆறு காப்பி, ஐந்து கார்பன் தாள், நிமிர்ந்து நிற்கும் ரெமிங்டன். எங்கள் அதிகாரி பிரிவினையின்போது லாகூரிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர். பேனாவைத் திறந்து "டிசைடட்" என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே "ரெகமெண்டட்" என்று எழுதினார். "பேட்டீ, யே லோக் டிசைட் நஹீ கர்தே" என்றார். இவர்கள் முடிவு செய்கிறவர்கள் இல்லையம்மா, சிபாரிசு செய்கிறவர்கள். ஆறு காப்பியையும் திரும்பத் தட்டினேன். விரல் நுனியில் கார்பன் கறுப்பு போக மூன்று நாள் ஆனது.

அந்த அடித்தலின் அர்த்தம் எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அன்றைய டெல்லிக்குச் சட்டசபை கிடையாது. முன்பு இருந்தது. 1952-இல் தேர்தல் நடந்து சவுத்ரி பிரம் பிரகாஷ் முதலமைச்சராக இருந்தார். 1956 மாநில மறுசீரமைப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1966 சட்டத்தின்படி பெருநகர மன்றம் ஒன்று வந்தது. மெட்ரோபாலிட்டன் கவுன்சில். 56 பேர் தேர்தலில் ஜெயித்து வருவார்கள், 5 பேர் நியமனம். அதற்கு மேல் நிர்வாகக் குழு, நான் தட்டிய அந்த எக்ஸிகியூட்டிவ் கவுன்சில்: நாலே பேர். முதலமைச்சர் என்று பெயர் வைக்கக் கூடாது என்பதற்காக, தலைமை நிர்வாகக் கவுன்சிலர். நான் சேர்ந்தபோது கேதார்நாத் சாஹனி அந்தப் பதவியில் இருந்தார். இந்த மன்றத்துக்கு 1967-இல் தலைவரானவர் அத்வானி. ஒரு காலத்து ஆட்கள் எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள்.

மன்றம் கூடும், பேசும், பட்ஜெட்டைப் பிரித்து மேயும், தீர்மானம் போடும். அத்தனையும் சிபாரிசு. ராஜ் நிவாஸில் இருக்கும் துணைநிலை ஆளுநர் ஏற்றுக்கொண்டால் நடக்கும். சட்டம் இயற்ற வேண்டுமானால் பாராளுமன்றம். ஓட்டு வாங்கி வந்த ஆள் தன் தொகுதிக்கு ஒரு குழாய் போட வேண்டும் என்றால்கூட, கூட்டத்தில் கை தட்டி மேசை தட்டிப் பேசிவிட்டு, நாங்கள் தட்டும் "ரெகமெண்டட்" என்ற சொல்லுக்குள் அடங்கிப்போவார். எனக்கு அப்போதெல்லாம் அவர்களைப் பார்த்தால், மாமியார் வீட்டில் வரவு செலவுக் கணக்கு எழுதும் மருமகள் ஞாபகம் வரும். கணக்கு எழுதலாம், சாவி கிடையாது.

சரி, மாநிலத்துக்கு வருகிறேன். தம்பி மகன் கேட்டது அதைத்தானே.

அரசமைப்புச் சட்டத்தின் 154-ஆம் பிரிவைத் தனியாக எடுத்துப் படித்தால் ஆளுநர் ராஜாதான். மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதும் அவரிடம். ஒன்பது பிரிவு தள்ளி 163 வருகிறது. ஆளுநருக்கு "உதவியும் ஆலோசனையும்" அளிக்க முதலமைச்சர் தலைமையில் ஒரு அமைச்சரவை இருக்கும் என்கிறது. அடுத்த பிரிவில் அமைச்சர்களை யார் நியமிப்பது. முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், மற்றவர்களை முதலமைச்சர் சொல்கிறபடி நியமிப்பார். 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்துக்குப் பிறகு எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. சட்டசபை உறுப்பினர்களில் நூற்றுக்கு 15-க்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 234 பேர், ஆகவே முதலமைச்சரையும் சேர்த்து 35.

இங்கேதான் அந்தச் சொல். ஆலோசனை. என் அதிகாரி அடித்த வாக்கியத்திலும் அதே சொல்தான் மறைந்திருந்தது. 1966 சட்டத்திலும் நிர்வாகக் குழுவின் வேலை துணைநிலை ஆளுநருக்கு உதவுவதும் ஆலோசனை சொல்வதும்தான். சொல் ஒன்று, எடை வேறு. மாநிலத்தில் அமைச்சரவையின் ஆலோசனை என்பது, மரியாதையாகச் சொல்லப்பட்ட உத்தரவு. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் இதைப் பச்சையாகச் சொல்லிவிட்டார்கள்: சில விதிவிலக்குகள் தவிர, ஆளுநர் அமைச்சரவை சொன்னபடிதான் நடக்க வேண்டும். அப்படியானால் "ஆளுநரின் ஆணைப்படி" என்பது எதற்கு? 166-ஆம் பிரிவு: மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை எல்லாம் ஆளுநர் பெயரால் நடந்ததாகக் காட்டப்பட வேண்டும். காட்டப்பட வேண்டும், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் "குலதெய்வம் துணை" என்று போடுகிறோம், பந்திக்குச் சொன்னது தெய்வமா என்ன.

உன் அகவிலைப்படி ஃபைல் ராஜ்பவன் வாசலை மிதித்திருக்காது என்று அவனுக்கு எழுதினேன். நிதித்துறையில் ஒரு பிரிவு அலுவலர் குறிப்பு எழுதியிருப்பார், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறியிருக்கும், அமைச்சர், முதலமைச்சர் பார்த்திருப்பார்கள். எந்த விஷயம் யார் மட்டத்தில் முடியும், எது அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று அலுவல் விதிகள் இருக்கின்றன. அதே 166-இன் கீழ் போட்டவை. ஒரு மாநில ஆட்சியைப் புரிந்துகொள்ள அரசமைப்புச் சட்டத்தைவிட அந்த அலுவல் விதிப் புத்தகம் உதவும் என்பது என் கட்சி. படிக்க உப்புச்சப்பு இருக்காது, அது வேறு விஷயம். அதன்படி முடிவானதும் செயலாளர் கையெழுத்துப் போடுவார். தலைமைச் செயலகம் கொள்கையைப் பார்க்கும், இயக்குநரகங்கள் அதை நடத்தும். ஆளுநருக்கென்று தனியாக இருப்பது ராஜ்பவன் (2025 கடைசியில் லோக் பவன் என்று பெயர் மாற்றினார்கள்) அலுவலகம்: ஒரு செயலாளர், ஏ.டி.சி. எனப்படும் உதவி அதிகாரிகள், வீட்டு நிர்வாகம். அரசு எந்திரத்தோடு ஒப்பிட்டால் ஒரு தாலுகா ஆபீஸ் அளவு.

மசோதா வேறு வாசல். அதற்கு ஆளுநரின் கையெழுத்து நிஜமாகவே வேண்டும், 200-ஆம் பிரிவு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் சொன்னார்கள். நவம்பரில் ஐந்து நீதிபதிகள், குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலாக, அப்படிக் கருதிக்கொள்வதும் காலக்கெடு விதிப்பதும் கோர்ட்டின் வேலை இல்லை, அதற்காகக் காரணமில்லாமல் இழுத்தடிக்கவும் முடியாது என்றார்கள். ஆக அந்தச் சண்டை அந்த வாசலில். டி.ஏ. இந்த வாசலில்.

பெயருக்கே ஆலோசனைக் குழு என்று இருப்பவையும் உண்டு. பழங்குடியினர் நிறைய வாழும் "அட்டவணைப் பகுதிகள்" உள்ள மாநிலங்களில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கும். இருபது பேருக்கு மேல் போகாது, அதில் ஏறக்குறைய முக்கால்வாசி பழங்குடியின எம்.எல்.ஏ.க்கள். அட்டவணைப் பகுதியே இல்லாத தமிழ்நாட்டிலும் இந்தக் குழு இருக்கிறது. ஆளுநர் அனுப்பும் விஷயத்துக்குத்தான் கருத்துச் சொல்லும். அனுப்பாவிட்டால்? அப்புறம், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் அமைச்சர்கள் போய் ஆலோசகர்கள் வருவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ்.கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் 1988-இல் பி.சி. அலெக்சாண்டர் ஆளுநராக ஆண்ட ஒரு வருடத்தை எங்கள் அம்மா கடைசிவரை "அலெக்சாண்டர் கவர்மென்ட்" என்றுதான் சொன்னாள். அந்த மாதிரிக் காலத்தில்தான் "ஆளுநரின் ஆணைப்படி" என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை.

டெல்லிக்குத் திரும்புகிறேன். எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

1990-இல் பெருநகர மன்றத்தைக் கலைத்தார்கள். கிட்டத்தட்ட நாலு வருடம் எதுவும் இல்லை. இதற்கிடையில் டெல்லிக்கு என்ன அமைப்பு வேண்டும் என்று ஆராய்ந்த குழு ஒன்று 1989 கடைசியில் அறிக்கை கொடுத்திருந்தது. பாலகிருஷ்ணன் குழு என்று பெயர், ஆபீஸில் "உங்க ஆளா?" என்று என்னைக் கேட்பார்கள். அதை வைத்து 1991-இல் 69-ஆவது திருத்தம். 239 ஏ.ஏ. என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். சட்டசபை, 70 பேர், அமைச்சரவை. நூற்றுக்குப் பதினைந்து அல்ல, பத்துதான். அதனால் ஏழு அமைச்சர்கள். நியமிப்பது ஆளுநர் அல்ல, குடியரசுத் தலைவர். மாநிலப் பட்டியலில் மூன்று விஷயத்தில் டெல்லிக்கு அதிகாரம் கிடையாது: சட்டம் ஒழுங்கு, போலீஸ், நிலம்.

1993 டிசம்பரில் மதன்லால் குரானா முதலமைச்சர் ஆனார். அந்தக் குளிரில் எனக்கு ஒரு டிராஃப்ட் வந்தது. புது அதிகாரி, இளையவர், டிக்டேஷன் கொடுத்தார்: "கவுன்சில் ஆஃப் மினிஸ்டர்ஸ் ஹாஸ் டிசைடட்". ஷார்ட்ஹேண்டில் கோடு இழுத்த கை நின்றுவிட்டது. "ஸார், டிசைடடா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினாலு வருடமாக இந்தச் சொல்லை நான் தட்டியதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும். தட்டினேன். பழைய பெரியவர் அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இருந்திருந்தால் பேனாவைத் திறந்திருப்பாரா, மூடியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டே திமார்பூர் குவார்ட்டர்ஸுக்கு நடந்து போனேன்.

அதற்கப்புறம் பல வருடம் ஓடியது. செகரடேரியட் இந்திரபிரஸ்தா எஸ்டேட்டுக்கு மாறியது, அந்தக் கட்டடத்தைப் பழைய ஆட்கள் ப்ளேயர்ஸ் பில்டிங் என்றுதான் சொல்வோம். எனக்கு நடந்து போகும் ஆபீஸ் போய், ரிங் ரோடு முத்ரிகா பஸ் வந்தது. ஷீலா தீட்சித் பதினைந்து வருடம் முதலமைச்சர். மத்தியில் வேறு கட்சி இருந்தபோதும் ஃபைல்கள் போய் வந்தன. முணுமுணுப்பு இருக்கும், சத்தம் வெளியே வராது. "ஃபைல் ராஜ் நிவாஸ் மே ஹை" என்றால் நாலு நாள், ஒரு வாரம். யாரும் பதற மாட்டார்கள்.

2014 பிப்ரவரியில் கெஜ்ரிவாலின் 49 நாள் அரசு ராஜினாமா செய்தது. ஒரு வருடம் அமைச்சர்களே இல்லை. அமைச்சர் அறைகள் பூட்டு. செயலாளர் எழுதுவார், தலைமைச் செயலாளர் எழுதுவார், நேரே எல்.ஜி., அதாவது துணைநிலை ஆளுநர். உண்மையைச் சொன்னால் எங்கள் வேலை சுலபமாயிற்று. அதே சமயம் காலையில் வராண்டாவில் மனுவோடு நிற்கும் கூட்டம் காணாமல் போயிற்று. யாரிடம் கொடுப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

2015-க்கு அப்புறம் கெஜ்ரிவால் அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த சண்டையை நாடே பார்த்தது. நான் பார்த்தது மேசை அளவில்தான். 2016 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் துணைநிலை ஆளுநரே நிர்வாகத் தலைவர் என்று சொன்னதும், அமைச்சர் மட்டத்தில் முடிந்திருந்த ஃபைல்களை ராஜ் நிவாஸ் கேட்டது. 400-க்கும் மேற்பட்ட ஃபைல்களைப் பார்க்க முன்னாள் தலைமைத் தணிக்கை அதிகாரி ஷுங்லு தலைமையில் மூன்று பேர் குழு. ஒரு வாரம் நாங்கள் பீரோவைக் குடைந்தோம். டைரி எண் பார்த்து, லேஸ் கட்டி, பட்டியல் தட்டி அனுப்பினோம். எத்தனையோ நோட்டிங்குகளில் "டிசைடட்" என்று என் கையே தட்டியிருந்தது. அந்தப் பெரியவர் மேலே எங்கிருந்தோ பேனாவைத் திறக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மறுவருடம் ஓய்வு பெற்றேன். அதனால் 2018 ஜூனில் முதலமைச்சரும் மூன்று அமைச்சர்களும் ராஜ் நிவாஸ் வரவேற்பறை சோபாவில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்ததை டி.வி.யில்தான் பார்த்தேன். ஆலோசனை சொல்ல வேண்டியவர்கள் காத்திருப்போர் அறையில். ஜூலை 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு வந்தது: அந்த மூன்று விஷயம் தவிர மற்றதில் அமைச்சரவை சொல்வதுதான் கட்டுப்படுத்தும், கருத்து வேறுபாடு இருந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், ஆனால் "எந்த விஷயமும்" என்று சட்டத்தில் இருப்பதை "எல்லா விஷயமும்" என்று படிக்கக் கூடாது. ஒரு சொல்லுக்காக எவ்வளவு பக்கம்! நான் ஸ்டெனோ, எனக்கு அது புரியும்.

அதோடு முடிந்ததா? 2021-இல் ஒரு திருத்தச் சட்டம்: டெல்லி சட்டசபை இயற்றும் சட்டங்களில் "அரசு" என்று வந்தால் துணைநிலை ஆளுநர் என்று பொருள். 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், அதிகாரிகளின் நியமனமும் இடமாற்றமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் என்றது. எட்டே நாளில் அவசரச் சட்டம், ஆகஸ்டில் முழுச் சட்டம். இடமாற்றத்தைச் சிபாரிசு செய்ய ஓர் ஆணையம்: முதலமைச்சர் தலைவர், தலைமைச் செயலாளரும் உள்துறை முதன்மைச் செயலாளரும் மற்ற இருவர். முடிவு பெரும்பான்மைப்படி. கவனித்தீர்களா? தலைவரை அவருக்குக் கீழே வேலை செய்யும் இரண்டு அதிகாரிகள் ஓட்டில் தோற்கடிக்கலாம். அதற்கு மேல் இறுதி முடிவு ராஜ் நிவாஸ். அந்தச் சட்டத்தைப் படித்தபோது ஆணையத்தின் வேலைக்கு என்ன வினைச்சொல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடினேன். ரெகமெண்ட். கும்பகோணத்துப் பெண் ஆறு காப்பி திரும்பத் தட்டிய அதே சொல்.

2025 பிப்ரவரிக்குப் பிறகு மத்தியிலும் இங்கேயும் ஒரே கட்சி. பேப்பரில் இந்தச் சண்டை இல்லை. மயூர் விஹாரில் எங்கள் மாடியில் மாலை காபிக்குக் கூடும் பெரியவர்கள், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்கிறார்கள். ஆட்கள் ஒத்துப்போகிறார்கள், அமைப்பு அப்படியே இருக்கிறது என்று நான் சொன்னால், "மாமி ஃபைல் பேச ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து வாக்கிங் போய்விடுகிறார்கள்.

இத்தனையும் தம்பி மகனுக்கு எழுதவில்லை. அவன் பொறுமை எனக்குத் தெரியும். இரண்டு வரிதான் அனுப்பினேன்: "கவர்னர் பேரை விடு. கீழே நிதித்துறைச் செயலாளர் பேர் இருக்கா பாரு. இருந்தா அது செல்லும்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "இருக்கு அத்தை. ஆனா நிலுவைத் தொகை எப்போ கைக்கு வரும்?"

அது ராஜ்பவனிலும் இல்லை, கோட்டையிலும் இல்லை, உங்கள் ஆபீஸில் பில் போடுகிற கிளார்க் கையில் இருக்கிறது, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு என்றேன்.